ஒன்பது மாத ஒப்பந்தமும் குற்றவியல் நீதிக் கல்வியும்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை முன்வைத்து

அமெரிக்க உயர்கல்வியில் ஒப்பந்த ஆசிரியர்கள் பெருகிவிட்டது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் கணக்குப்படி, 1987இல் ஏறத்தாழ 47 விழுக்காட்டு ஆசிரியர்கள் பணிப் பாதுகாப்பில்லாத இடங்களில் இருந்தார்கள். 2021இல் அது 68 விழுக்காடு ஆகிவிட்டது. இதைச் சம்பளச் சிக்கலாகவே பெரும்பாலும் பேசுகிறோம். சம்பளச் சிக்கல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் குற்றவியல் நீதித் துறையில் இதன் விளைவு அதோடு நிற்பதில்லை. அந்தத் துறை எதை ஆராயலாம், எதை வாய்விட்டுச் சொல்லலாம் என்பதையே ஒப்பந்தக் காலம் முடிவு செய்கிறது என்பது என் வாதம். காவல்துறையையும் சிறையையும் ஆராய்பவர் அவற்றின் அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்க முடியாது. அவற்றின் மனம் கோணாமல் உண்மையை எழுதவும் எப்போதும் முடியாது. இப்படி வெளியே ஒருவரை அண்டியிருக்க வேண்டிய ஆசிரியர், உள்ளேயும் ஆண்டுதோறும் பணி நீட்டிப்புக்குக் காத்திருக்க நேர்ந்தால் அவர் எதைத்தான் துணிந்து எழுதுவார்?

துறை வளர்ந்த விதத்திலேயே இந்தச் சிக்கலின் வேர் இருக்கிறது. அதிபர் லிண்டன் ஜான்சன் அமைத்த ஆணையம், காவலர்கள் காலப்போக்கில் இளங்கலைப் பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று 1967இல் பரிந்துரைத்தது. மறு ஆண்டே வந்த சட்டத்தின் கீழ், காவலர் படிப்புக்குக் கூட்டாட்சி அரசு பணம் கொடுத்தது. கடனாகத் தந்த தொகையில், படித்து முடித்துப் பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கால் பங்கு தள்ளுபடி. பணத்தைக் கண்ட கல்லூரிகள் அவசர அவசரமாகத் துறைகளைத் திறந்தன. தகுந்த ஆசிரியர்கள் போதாததால், பணியில் இருந்த காவல் அதிகாரிகளும் ஓய்வு பெற்றவர்களும் மாலை வகுப்புகளுக்கு வந்தார்கள். காவலர் கல்வியின் தரம் குறித்து 1978இல் வெளியான லாரன்ஸ் ஷெர்மனின் அறிக்கை இந்தப் போக்கைக் கடுமையாகக் கண்டித்தது. முழுநேர ஆசிரியர்களே துறையின் முதுகெலும்பாக இருக்க வேண்டும், பகுதிநேரத்தவர் தனித் தேவைகளுக்கு மட்டும் போதும் என்றது.

அந்த அறிக்கை சொன்னதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. ஓய்வு பெற்ற துப்பறிவாளர் ஒருவர் குற்ற விசாரணை பற்றிப் பாடம் நடத்தினால் மாணவருக்குக் கிடைப்பது நூலில் கிடைக்காத அறிவு. அவருக்கு ஓய்வூதியம் வருகிறது; ஒப்பந்தம் முடிந்தால் குடி முழுகிவிடாது. அதே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் புதிய முனைவர் பட்டதாரிக்கோ அதுதான் சோறு, மருத்துவக் காப்பீடு, அடுத்த வேலைக்கான பரிந்துரைக் கடிதம் எல்லாமே. இந்த இருவரையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பந்த முறையை நியாயப்படுத்தும் நிர்வாகிகளின் வாதம் என்னைப் பொறுத்தவரை நேர்மையற்றது.

ஒரு கல்வியாண்டைக் கூர்ந்து பார்ப்போம். ஒன்பது மாத ஒப்பந்த ஆசிரியர் ஒருவர் ஆகஸ்டில் பணியில் சேர்கிறார்; பெரும்பாலும் செமஸ்டருக்கு நான்கு வகுப்புகள். சிறைவாசிகளை நேர்காண வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழு ஒப்புதல் தர வேண்டும். கூட்டாட்சி விதிப்படி, அத்தகைய ஆய்வைப் பரிசீலிக்கும் குழுவில் சிறைவாசி ஒருவரோ அவர்கள் சார்பில் பேசத் தகுந்தவரோ இருந்தாக வேண்டும். தேவையான விதிதான், சிறைவாசிகளைச் சோதனைப் பொருளாக்கிய கொடுமைகளிலிருந்து பிறந்த விதி. அதன்பின் பல மாநிலங்களில் சிறைத்துறையின் ஆய்வுக் குழு, அதையும் தாண்டினால் அந்தச் சிறையின் கண்காணிப்பாளர். இதற்கிடையில் செப்டம்பரில் வேலை விளம்பரங்கள் வரத் தொடங்கும். நவம்பரில் அமெரிக்கக் குற்றவியல் சங்கத்தின் மாநாடு. விண்ணப்பம், நேர்காணல், பயணம். அனுமதிக் கடிதம் கைக்கு வரும்போது மே மாதம் ஆகிவிடும், ஒப்பந்தமும் முடிந்துவிடும். பல இடங்களில் ஒப்பந்த ஆசிரியர் ஆய்வுத் திட்டத்துக்குத் தலைமை ஏற்கவே விதி இடம் தருவதில்லை. ஆகவே அவர் எளிதில் கிடைக்கும் தரவை எடுத்துக்கொள்கிறார்: பொதுவில் இருக்கும் குற்றப் புள்ளிவிவரம், தன் வகுப்பு மாணவர்களிடமே நடத்தும் வினாநிரல். இது அவருடைய சோம்பல் அல்ல. தெற்கு லண்டனில் 1961இல் 411 சிறுவர்களோடு தொடங்கிப் பல பத்தாண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு போன்ற ஒன்றை, ஒன்பது மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் கற்பனை செய்துகூடப் பார்க்க முடியாது.

வகுப்பறையிலும் இதே நெருக்கடி. இத்துறை மாணவர்களில் பலர் காவல் பணியை நோக்கி வருபவர்கள். சிலர் ஏற்கெனவே சீருடை அணிந்தவர்கள். 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த கிரஹாம் வழக்குத் தீர்ப்பின்படி, காவலர் பயன்படுத்திய பலத்தைச் சம்பவ இடத்தில் நின்ற நியாயமான காவலரின் கண்ணோட்டத்தில்தான் எடைபோட வேண்டும். அந்த அளவுகோல் சரியா என்று கேட்பது ஆசிரியரின் கடமை. ஆனால் அவருடைய பணி நீட்டிப்பு பெருமளவும் மாணவர் மதிப்பீட்டுத் தாள்களைப் பொறுத்தது. அந்தக் கேள்வியைக் கேட்காமலே பாடத்தை முடித்துவிட அவருக்கு எல்லாக் காரணங்களும் இருக்கின்றன.

நிரந்தரப் பணி மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்கலாம். பெர்க்கிலியின் குற்றவியல் பள்ளியில் தீவிர விமர்சகரான டோனி பிளாட்டுக்கு நிரந்தரப் பணி மறுக்கப்பட்டது. பள்ளியே 1976இல் மூடப்பட்டது. நிரந்தரப் பணிக்கான வாயிலிலும் அரசியல் வடிகட்டல் உண்டு என்பதற்கு அது சான்று. ஆனால் அங்கே மறுப்பு பலரறிய நடந்தது, மாணவர்கள் போராடினார்கள், வரலாற்றில் பதிவானது. ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் போகும்போது காரணம் சொல்ல வேண்டியதில்லை, பதிவும் இருக்காது.

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரமும் கூடியிருக்கிறது: 1994இல் சிறைவாசிகளுக்கு மறுக்கப்பட்ட, கூட்டாட்சி அரசின் பெல் கல்வி உதவித்தொகை 2023 ஜூலை முதல் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. கல்லூரிகள் மீண்டும் சிறைக்குள் பட்ட வகுப்புகளைத் தொடங்குகின்றன. பட்டம் முடிக்கப் பல ஆண்டுகள் எடுக்கும் அந்த மாணவர்களிடம், மே மாதத்தில் விடைபெறும் ஆசிரியர்களை அனுப்பக் கூடாது. சிறைக்குள் கற்பிப்பவருக்குக் குறைந்தது ஐந்தாண்டு ஒப்பந்தம், ஆய்வுக்குத் தலைமை ஏற்கும் உரிமை, நீட்டிப்பு இல்லையென்றால் எழுத்தில் காரணம், பேராசிரியர் சங்கம் நெடுநாளாக வலியுறுத்திவரும் 12 மாத முன்னறிவிப்பு ஆகியவற்றை, சிறை நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போடும் முன்பே பல்கலைக்கழகங்கள் தங்கள் விதிகளில் எழுதிவிட வேண்டும்.