கைப்பழக்கமும் விதிப்புத்தகமும்

கொல்லிமலை எடப்புளி நாட்டில் மண்வெட்டிக்குப் புதுக் காம்பு போட்டால் நாலு நாள் உள்ளங்கை எரியும். அப்புறம் கை அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். கோல்ஃப் ஆட்டத்திலும் அதே கதைதான். ஆனால் அங்கே கை பழகினால் மட்டும் போதாது.

1904இல் வால்டர் டிராவிஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் பிரிட்டிஷ் அமெச்சூர் போட்டிக்காக சாண்ட்விச் போனார். பந்தைக் குழிக்குள் உருட்டும் ‘பட்டர்’ மட்டை அவருக்குக் கைகொடுக்கவில்லை. கடைசி நேரத்தில் வேறொன்றைக் கடன் வாங்கினார்; ‘ஸ்கெனெக்டடி’ என்று பெயர். வழக்கமான பட்டரில் காம்பு தலையின் ஓரத்தில் சேரும். இதில் நடுவுக்கருகே இறங்கியது, தலை அலுமினியக் கட்டை. எடை விழும் இடம் மாறினால் மணிக்கட்டு, கண், நிற்கும் வாகு எல்லாமே மாறணும். 42 வயசு உடம்பு சில நாளில் பழகியது. கோப்பையும் அவருக்கே. அமெரிக்காவிலிருந்து வந்து அதை வென்ற முதல் ஆள்.

1910இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் சங்கம் அந்த வகை மட்டையைத் தடைசெய்தது. மரபான வடிவம் கெடுகிறதாம்! மரபு என்பது யாருடைய கைப்பழக்கம்? 1951 திருத்தத்தில்தான் தடை விலகியது.

மட்டையைத் தடுக்கலாம், பிடியை? தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மட்டைப்பை சுமந்து பிழைத்த இந்திய வம்சாவளிக்காரர் பப்வா சீவ்கோலம், எல்லோருக்கும் தலைகீழாக, இடக்கையைக் கீழே வைத்துப் பிடித்தார். விதியில் அதற்குத் தடையில்லை. 1959இல் டச்சு ஓபனை வென்றார். 1963இல் நேட்டால் ஓபனையும் வென்றார். நிறவெறி ஆட்சி; வெள்ளையர்கள் மன்றக் கட்டடத்துக்குள் இருக்க, கோப்பையை வெளியே மழையில் நிறுத்தி அவரிடம் கொடுத்தார்கள்.