இரண்டாம் ஆண்டின் ஆசிரியர்

'எனக்குக் கணக்கு வராது.' நம்மில் பலர் இதை ஒரு தடவையாவது சொல்லியிருப்போம். சமையல் வராது என்று ஒரு பெண் சொன்னால், கற்றுக்கொள் என்பார்கள். கணக்கு வராது என்று சொன்னால், போகட்டும் விடு என்பார்கள். எது நமக்கு வந்தே தீர வேண்டும், எது வராமல் போனாலும் யாருக்கும் நட்டமில்லை என்பது இந்த இரண்டு பதில்களிலும் முடிவாகிவிடுகிறது.

பள்ளி வயதில் கணக்கைக் கைவிடும் விளிம்புவரை போன ஒரு பெண்ணின் வரலாறு இது. பெயர் மரியம் மிர்சாகானி. 1977இல் ஈரானின் தெஹ்ரானில் பிறந்தவர். சிறுவயதில் எழுத்தாளராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தார். ஈரான்–ஈராக் போர் 1988இல் ஓய்ந்தபோது அவர் தொடக்கப் பள்ளியை முடிக்கும் நிலையில் இருந்தார். பத்தாண்டு முன்னால் பிறந்திருந்தால் இந்த வாய்ப்புகள் தனக்குக் கிடைத்திருக்காது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

நுழைவுத் தேர்வு எழுதி, திறன்மிக்க மாணவிகளுக்கான ஃபர்சானெகான் பள்ளியில் சேர்ந்தார். அங்கே முதல் வாரத்திலேயே ரோயா பெஹெஷ்டி தோழியானார். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த புத்தகக் கடைகளை இருவரும் சேர்ந்து சுற்றினார்கள். ஆனால் அந்த முதல் ஆண்டில் மரியம் கணக்கில் பின்தங்கினார். இவளிடம் தனித் திறமை ஒன்றும் இல்லை என்று கணக்கு ஆசிரியர் நினைத்தார். அந்த எண்ணம் மாணவிக்கும் புரிந்துவிட்டது. அவருடைய தன்னம்பிக்கை சரிந்தது, கணக்கின் மீதிருந்த ஆர்வமும் போய்விட்டது. மற்றவர்கள் நம்மிடம் எதைக் காண்கிறார்கள் என்பது அந்த வயதில் மிக முக்கியம் என்று, பல ஆண்டுகள் கழித்து அவர் நினைவுகூர்ந்தார்.

மறு ஆண்டு வேறு ஆசிரியர் வந்தார். ஊக்கம் கொடுத்துப் பேசும் ஆசிரியர் அவர். மரியமின் மதிப்பெண்கள் வேகமாக உயர்ந்தன. இரண்டாம் ஆண்டிலிருந்து வகுப்பின் நட்சத்திரம் அவர்தான் என்று ரோயாவே சொல்லியிருக்கிறார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிப்போம். அதே பெண், அதே பள்ளி. இடையில் ஓராண்டுதான். ஓராண்டில் ஒருவருக்குப் புதிதாக மூளை முளைத்துவிடாது. மாறியது, வகுப்பறையில் அவரைப் பார்த்த கண். ஆசிரியரின் கண்ணில் ஐயத்தைக் கண்ட பெண் தன்னையே ஐயப்பட்டாள். அங்கே நம்பிக்கையைக் கண்டதும் கணக்கோடு மல்லுக்கட்டத் துணிந்தாள்.

உயர்நிலைப் பள்ளியில் இன்னொரு கதவு திறந்தது. தேசியத் தகவலியல் ஒலிம்பியாட் போட்டியின் வினாத்தாள் ஒன்று தோழிகள் இருவருக்கும் கிடைத்தது. நாள்கணக்கில் உட்கார்ந்து ஆறு கேள்விகளில் மூன்றுக்கு விடை கண்டார்கள். உடனே பள்ளி முதல்வரிடம் போய், ஆண்கள் பள்ளியில் நடப்பதுபோல் எங்களுக்கும் சிக்கல் தீர்க்கும் பயிற்சி வகுப்பு வேண்டும் என்று கேட்டார்கள். முதல்வர் உறுதி படைத்த பெண்மணி. அதுவரை ஈரானின் கணித ஒலிம்பியாட் அணியில் ஒரு பெண்கூட இருந்ததில்லை. அதைக் காரணம் காட்டி அவர் மறுக்கவில்லை. முதல் ஆளாக இருந்தாலும் உங்களால் முடியும் என்ற எண்ணத்தோடு வகுப்புக்கு ஏற்பாடு செய்தார்.

1994இல் ஹாங்காங்கில் நடந்த பன்னாட்டுக் கணித ஒலிம்பியாடுக்குப் போன ஈரான் அணியில் இருவருமே இருந்தார்கள். மரியம் 42க்கு 41 புள்ளிகளோடு தங்கப் பதக்கம் பெற்றார். மறு ஆண்டு டொரான்டோவில் 42க்கு 42. பிறகு தெஹ்ரானின் ஷரீஃப் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அடுத்து ஹார்வர்டு. அங்கே கர்ட்டிஸ் மெக்மல்லனிடம் ஓயாமல் கேள்வி கேட்டார். கேள்விகள் ஆங்கிலத்தில், குறிப்புகள் பாரசீகத்தில். 2004இல் முனைவர் பட்டம் பெற்றார். 2014இல் சியோலில் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றார். 1936 முதல் அதுவரை அந்தப் பதக்கம் பெற்ற 52 பேரும் ஆண்கள். 2022 வரை கணக்கிட்டால் 64 பேர், அவர்களில் பெண்கள் இருவர் மட்டுமே.

மரியம் தன்னை மெதுவாகச் சிந்திக்கிறவர் என்றே சொல்லிக்கொண்டார். பெரிய தாள்களைத் தரையில் விரித்து, திரும்பத் திரும்பப் படம் வரைந்து யோசிப்பார். அம்மா ஓவியம் வரைகிறாள் என்று அவருடைய சின்ன மகள் நினைத்துக்கொள்வாள். சட்டென்று விடை சொல்பவரே கணக்கில் கெட்டிக்காரர் என்று அளக்கும் வகுப்பறையில் இப்படிப்பட்ட மனத்துக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும்?

2017 ஜூலை 14 அன்று, மார்பகப் புற்றுநோயால், 40 வயதில் அவர் மறைந்தார். அவருடைய பிறந்தநாளான மே 12, கணிதத்தில் பெண்களுக்கான நாளாக உலகின் பல நாடுகளில் கொண்டாடப்படுகிறது.

அந்த நாளில் அவரை மேதை என்று போற்றுகிறோம். போற்றத்தான் வேண்டும். ஆனால் 'மேதை' என்ற சொல் ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது. மேதை எப்படியும் மேலே வந்துவிடுவாள் என்று அது நம்மை நம்பவைக்கிறது. மரியமின் பள்ளி நாள்கள் அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் ஆண்டிலும் முதல் ஆண்டின் ஆசிரியரே வந்திருந்தால்? முதல்வர் கையை விரித்திருந்தால்? உலகத்துக்கு எந்த இழப்பும் தெரிந்திருக்காது. கணக்கு வராத இன்னொரு பெண் என்று வீட்டில் பேசிவிட்டு மறந்திருப்பார்கள்.

அப்படி மறக்கப்பட்ட பெண்கள் வரலாற்று நூல்களில் இல்லை. அவர்களுக்கு இரண்டாம் ஆண்டின் ஆசிரியர் வரவேயில்லை. இனி ஒரு சிறுமி 'எனக்குக் கணக்கு வராது' என்று சொன்னால், போகட்டும் விடு என்று சொல்லாதிருப்போம். அப்படி உனக்கு யார் சொன்னது என்று முதலில் கேட்போம். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கணக்கை மறுபடி முதலிலிருந்து பார்ப்போம்.