ஹார்ட்பிளீட்: பூட்டு கசிந்த கதை

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தரும் வாக்குமூலங்களை இணையவழி அனுப்புகையில், உலாவியின் பூட்டுச் சின்னத்தையே நம்புகிறேன். அந்தப் பூட்டே ஒருமுறை கசிந்தது.

ஏராளமான இணையத்தளங்களின் மறைகுறியாக்கத்தைச் செய்யும் மென்பொருள் நூலகம் ஓபன்எஸ்எஸ்எல். 2012 மார்ச்சில் வெளியான அதன் பதிப்பில் 'ஹார்ட்பிளீட்' எனும் நினைவக வழு இருந்தது. இணைப்பு உயிர்ப்புடன் உள்ளதா என அறிய அனுப்பப்படும் தரவைச் சேவையகம் அப்படியே திருப்பி அனுப்பும். ஆனால் அதன் நீளத்தைச் சரிபார்க்கவில்லை. ஓரெழுத்தை அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்று பொய் சொன்னால், நினைவகத்தில் அருகே கிடந்த கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும்கூட வெளியேறக்கூடும்.

2014 ஏப்ரல் 7 இல் திருத்தம் வந்தது: சொன்ன நீளத்துக்கு வந்த தரவு போதாவிட்டால் கோரிக்கையைக் கைவிடுதல். ஆனால் கசிந்ததை எந்தத் திருத்தமும் மீட்காது. சாவிகளையும் கடவுச்சொற்களையும் மாற்றவேண்டியிருந்தது. சாட்சியங்களைக் காப்போர் மென்பொருள் புதுப்பித்தலைத் தள்ளிப்போடலாகாது.