ரிலே ரேக்கில் ஏறிய பேஸ் கிடார்

டேட்டா சென்டரில் குப்பை கொட்டியவர்களுக்கு 19 அங்குல ரேக்கை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சர்வர், ஸ்விட்ச், யுபிஎஸ் எல்லாம் அடுக்கடுக்காகத் திருகி மாட்டியிருக்குமே, அந்த இரும்புச் சட்டம்தான். உயரத்தை 'யு' கணக்கில் சொல்வார்கள். 1 யு என்றால் 1.75 அங்குலம். இந்த அளவைக் கண்டுபிடித்தது நம் கம்ப்யூட்டர் ஜாதி இல்லை. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைபேசிக் கம்பெனி, தூரத்து அழைப்புகளைப் பெருக்கி அனுப்பும் ரிப்பீட்டர் கருவிகளைக் கொஞ்ச இடத்தில் அடுக்குவதற்காக 1920களின் தொடக்கத்தில் ஏற்படுத்திக்கொண்ட அளவு அது. அங்கிருந்து ரேடியோ நிலையங்களுக்குப் போனது, ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் போனது. அரை நூற்றாண்டு கழித்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு ஆள் அதைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார். பேஸ் கிடார் வாசிக்கிறவர்.

இதையெல்லாம் இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், இங்கே புனேயில் எங்கள் அபார்ட்மெண்டில் இருக்கும் நண்பரின் பையன் (எஞ்சினியரிங் இரண்டாம் வருடம், காலேஜ் பேண்டில் பேஸ் வாசிக்கிறான்) ஒரு ரேக் செட்டப் வாங்கித் தரச் சொல்லி நிற்கிறான். அப்பா மதுரைக்காரர். "கிடாருக்கு எதுக்குய்யா பீரோ?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பேஸ் வாசிக்கிறவரின் ஆதிப் பிரச்சினை ஒன்றே ஒன்றுதான்: கேட்காது. பெரிய ஜாஸ் குழுக்களில் ஆளுயர டபுள் பேஸை வைத்துக்கொண்டு விரல் தேய வாசிப்பார், டிரம்பெட்டும் டிரம்ஸும் அவரை விழுங்கிவிடும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே, படுக்கை வாட்டில் பிடித்து வாசிக்கும் மின்சார பேஸ் ஒன்றை ஆம்ப்ளிஃபையரோடு செய்து விற்றார். எடுபடவில்லை. எவரெட் ஹல் என்ற பேஸ் கலைஞர் 1940களில் வேறு வழியில் போனார். டபுள் பேஸ் தரையில் ஊன்றி நிற்குமே ஒரு முளை, அதற்குள் மைக்கை வைத்தார். ஆம்ப்ளிஃபைடு பெக், சுருக்கி 'ஆம்பெக்'. அந்த முளையின் பெயர்தான் இன்றுவரை பேஸ் ஆம்ப்ளிஃபையர்களில் பெரிய பெயர்.

1951 கடைசியில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். கழுத்தில் கிடார் போலவே ஃபிரெட் இருந்ததால் சுரம் பிசகாது. அடுத்த வருடமே அதற்கென்று 'பேஸ்மேன்' என்ற ஆம்ப்ளிஃபையர். ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர், சுமார் 25 வாட். 1950களின் நடுவில் அதை 10 அங்குல ஸ்பீக்கர் நான்கு கொண்ட பெட்டியாக மாற்றினார்கள். அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பேஸ்காரர்களைவிட கிடார்காரர்களுக்குத்தான் அது ரொம்பப் பிடித்துப்போனது. லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் 1962 வாக்கில் செய்த முதல் மார்ஷல் ஆம்ப், பேஸ்மேனின் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான். பேஸுக்காகப் பிறந்த பெட்டி ராக் கிடாரின் தாய்ப்பெட்டி ஆகிவிட, பேஸ்காரர் பழையபடி கேட்காமலே நின்றார்!

இந்த இடத்தில் கொஞ்சம் பௌதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள். பேஸின் தடித்த 'ஈ' கம்பி நொடிக்கு 41 தடவை அதிரும். ஐந்து கம்பி பேஸ் என்றால் அதற்கும் கீழே 'பி' கம்பி, கிட்டத்தட்ட 31. இவ்வளவு தாழ்ந்த ஒலி காதில் உறைக்க வேண்டுமென்றால் ஸ்பீக்கர் ஏராளமான காற்றைத் தள்ள வேண்டும். நம் காதும் தாழ்ந்த ஒலிகளுக்குக் கொஞ்சம் மந்தம். அது போதாதென்று இன்னொரு சங்கடம்: வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட். 30 வாட் கிடார் ஆம்ப்போடு மல்லுக்கட்ட 60 வாட் பேஸ் ஆம்ப் எந்த மூலைக்கு?

1960ல் ஆம்பெக் கொண்டுவந்த பி-15 பெட்டி ஸ்டுடியோவுக்கும் சின்ன கிளப்புக்கும் அருமையானது. மோட்டவுன் பாடல்களின் பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் கிளப்பில் வைத்திருந்தது அதுதான். ஆனால் காலம் ஸ்டேடியத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. 1965 ஆகஸ்டில் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மேடையில் 100 வாட் வாக்ஸ் ஆம்ப்கள். கூட்டம் போட்ட கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை.

1969ல் வந்தது ஆம்பெக் எஸ்விடி. 300 வாட், வால்வு மட்டும் 14. ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த வருட அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு இதன் முன்மாதிரிகளைத்தான் எடுத்துப்போனார்கள். கூடவே 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த பெட்டி. தலை எனப்படும் ஆம்ப் மட்டும் 40 கிலோவுக்குப் பக்கம். அதே வம்சத்தில் இன்று விற்கும் எட்டு ஸ்பீக்கர் பெட்டி 60 கிலோவைத் தாண்டும். சத்தப் பிரச்சினை தீர்ந்தது, முதுகுப் பிரச்சினை ஆரம்பித்தது.

ரேக் கதை இங்கேதான் தொடங்குகிறது. வால்வில் 300 வாட் எடுப்பது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை. அதே சமயத்தில் கிரௌன் கம்பெனி 1967ல் டிசி-300 என்ற டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்பை வெளியிட்டது. சானலுக்கு 150 வாட், இரண்டு சானல். இது கிடார்காரருக்காகச் செய்ததே இல்லை. வால்யூம் தவிர ஒரு திருகுக் குமிழ் கிடையாது, 'டோன்' என்று ஒன்றுமே இல்லை. உள்ளே போவதைப் பெரிதாக்கி வெளியே தள்ளும், அவ்வளவுதான். மாட்டுவதற்கு முகப்பு 19 அங்குலம்.

அப்படியானால் டோனுக்கு என்ன வழி? கலிஃபோர்னியாவில் அலெம்பிக் என்றொரு சிறிய கும்பல், கிரேட்ஃபுல் டெட் குழுவுக்குக் கருவிகள் செய்துகொண்டிருந்தது. ஃபெண்டர் ஆம்ப்பின் முன்பாதியை, அதாவது வால்வில் ஓடும் பிரீ ஆம்ப்பை மட்டும் தனியாகக் கழற்றினாற்போல் ரேக்கில் பொருந்தும் பெட்டியாகச் செய்தார்கள். எஃப்-2பி என்று பெயர், 1970களின் தொடக்கம். ஆக, ஒரே பெட்டியில் குடித்தனம் நடத்திய ஆம்ப்ளிஃபையர் தனிக்குடித்தனம் போய்விட்டது. குணத்துக்கு பிரீ ஆம்ப், பலத்துக்கு பவர் ஆம்ப். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். என்னைக் கேட்டால் மொத்தக் கதையிலும் முக்கியமான திருப்பம் இதுதான், 300 வாட் எஸ்விடி அல்ல.

இந்த யோசனையை வெறிகொண்டு இழுத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கும் அதே குழு உதாரணம். 1974 மார்ச்சில் சான்ஃபிரான்சிஸ்கோ அருகே கௌ பேலஸ் அரங்கில் 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற ஒலிச்சுவரை எழுப்பினார்கள். மெக்கின்டாஷ் பவர் ஆம்ப்கள், 26,000 வாட்டுக்கு மேல், மொத்த எடை சுமார் 75 டன். பேஸ் வாசித்த ஃபில் லெஷ் தன் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனி ஸ்பீக்கர் அடுக்குக்கு அனுப்ப முடிந்தது! நாலு கம்பிக்கு நாலு கோபுரம். லாரிச் செலவும் ஆள் செலவும் தாங்காமல் அந்த வருடம் முடிவதற்குள் சுவரை இறக்கி வைத்துவிட்டார்கள்.

பிறகு 1980களில் ரேக் சாமானியர்களிடம் வந்தது. கேலியன் க்ரூகரின் 800ஆர்பி ஒரே பெட்டிக்குள் தாழ்ந்த ஒலிக்கு 300 வாட், உயர்ந்த ஒலிக்கு 100 வாட் என்று பிரித்துக் கொடுத்தது. 1984ல் ஸ்டீவ் ரேப் தொடங்கிய எஸ்டபிள்யூஆர், வால்வு பிரீ ஆம்ப்பையும் டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப்பையும் சேர்த்துக்கட்டி, பேஸ் பெட்டியில் ட்வீட்டரும் வைத்து, விரல் படும் 'டக்' சத்தம்வரை கேட்க வைத்தது. கூடவே கம்ப்ரஸர், ஈக்வலைசர், டியூனர், கிராஸ்ஓவர் என்று ஒவ்வொன்றும் 1 யு வடிவில் வந்து குவிந்தன. 10 யு, 12 யு ரேக் இல்லாவிட்டால் பேஸ்காரருக்கு மரியாதை இல்லை என்ற நிலை. பாதிக் கருவியில் விளக்கு எரிவதைத் தவிர வேறு வேலை நடந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான் :-)

நம்ம ஊரில் இந்தக் கூத்து அவ்வளவாக நடக்கவில்லை. இறக்குமதித் தீர்வையில் ஒரு பவர் ஆம்ப் கொண்டுவருவதே கனவாக இருந்த காலம். மெல்லிசைக் குழுக்களில் பேஸும் பாட்டுக்காரர் மைக்கும் ஒரே அஹூஜா ஆம்ப்ளிஃபையரில் போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இளையராஜா பாடல்களில் பேஸ் தனி ராஜபாட்டையில் நடக்கும். ரேடியோவில் காதைத் தீட்டிக் கேட்டோம். அதே பாட்டைக் கோயில் திருவிழாவில் கோன் ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் இருந்த இடமே தெரியாது. கோன் ஸ்பீக்கருக்கு அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பும் உடம்பு கிடையாது.

ரேக்கின் பெருமைக்கு முடிவு கட்டியது இரண்டு விஷயம். ஒன்று, 1980களில் கண்டுபிடித்த நியோடிமியம் காந்தம். அது ஸ்பீக்கரின் எடையைக் கணிசமாகக் குறைத்தது. இரண்டாவது, கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையரும் ஸ்விட்சிங் பவர் சப்ளையும். 1999ல் பேங் அண்ட் ஓலுஃப்சன் தொடங்கிய ஐஸ்பவர் போன்ற தயார்நிலை மாட்யூல்கள் கிடைத்த பிறகு, 500 வாட் பேஸ் ஆம்ப் ஒன்று டிபன் கேரியர் எடைக்கு வந்துவிட்டது. மூன்று கிலோகூட இல்லை. கிடார் பைக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம்.

சரி, நண்பரின் கேள்விக்கு வருவோம். பையனின் திட்டம் இது: நியூஜெர்ஸியில் இருக்கும் சித்தப்பா மகன் ஒரு பழைய ரேக்கை மலிவாக வாங்கித் தருகிறானாம். பிரீ ஆம்ப், 2 யு பவர் ஆம்ப், கம்ப்ரஸர், எல்லாம் பெட்டியோடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று விஷயம் பார்க்கச் சொன்னேன்.

முதலில் வோல்டேஜ். அமெரிக்கச் சரக்கு 120 வோல்ட். பழைய காலத்துப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பவர் ஆம்ப்பை நம் 230ல் நேரே செருகினால் புகைதான். சில மாடல்களில் பின்னால் மாற்றும் ஸ்விட்ச் இருக்கும், சிலவற்றில் உள்ளே வயரிங்கை மாற்றலாம், சிலவற்றில் வழியே இல்லை. வழியில்லாததற்கு ஸ்டெப்டௌன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். பெரிய ஆம்ப்புக்கு ஈடுகொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தூக்க இன்னொரு ஆள் வேண்டும். பின்புறத் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல், அதில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

அடுத்து ஓம் கணக்கு. 8 ஓம் பெட்டி ஒன்று போட்டால் ஆம்ப் பார்க்கும் சுமை 8. இன்னொரு 8 ஓம் பெட்டியைப் பக்கவாட்டில் இணைத்தால் 4. அதற்கும் மேலே ஒன்று சேர்த்தால் மூன்றுக்குக் கீழே போய்விடும், பல ஆம்ப்கள் அங்கே படுத்துவிடும். அதனால் எத்தனை வாட் என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை ஓமில் அத்தனை வாட் என்று கேட்க வேண்டும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் 4 ஓமில் 500 என்று பெருமையடிப்பது 8 ஓமில் 300 பக்கம் வந்து நிற்கும்.

மூன்றாவது எடை, நம்மைப் போல வீடு மாறிக்கொண்டே இருக்கிற குடும்பத்துக்கு இதுதான் நிஜமான கேள்வி. நண்பருக்குப் பத்து வருடத்தில் நாலு ஊர். பேக்கர்ஸ்காரன் எதை எப்படித் தூக்குவான் என்பது நமக்குத் தெரிந்த கதை. கனமான பவர் ஆம்ப்பை ரேக்கின் அடியில் போட்டு, முன்பக்கத் திருகை மட்டும் நம்பாமல் பின்பக்கமும் தாங்கல் கொடுக்காவிட்டால், டெம்போ இரண்டு பள்ளத்தில் விழுந்ததுமே ரேக்கின் காது வளைந்துவிடும். விமானத்தில் கொண்டுவருவதென்றால் பெட்டிக்கு 23 கிலோ என்ற வரம்பில் அந்தப் பவர் ஆம்ப் ஒன்றே இடத்தை அடைத்துக்கொள்ளும். சித்தப்பா மகனின் துணிமணி அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

"அப்ப ரேக்கே வேண்டாங்கறீங்களா அங்கிள்?" என்றான் பையன். அப்படி இல்லை. பிரீ ஆம்ப் வேறு, பவர் ஆம்ப் வேறு என்று அலெம்பிக்காரர்கள் பிரித்த பிரிவினைக்கு இன்றும் அர்த்தம் இருக்கிறது. நல்ல பிரீ ஆம்ப் எங்கேயும் பழசாவதில்லை. காலேஜ் விழாவில் மேடை ஒலியை எப்படியும் பிஏ காரர்தான் பார்த்துக்கொள்கிறார். பிரீ ஆம்ப்பின் டிஐ அவுட்டில் ஒரு கேபிள் கொடுத்தால் போதும், அங்கே உன் பவர் ஆம்ப்புக்கு வேலையே இல்லை. அதனால் அமெரிக்காவிலிருந்து அந்தப் பிரீ ஆம்ப்பை மட்டும் வாங்கு (இதற்குத் தேவையான மின்சாரம் குறைவு, சின்ன ஸ்டெப்டௌன் போதும்). இங்கே கிளாஸ் டி பவர் ஆம்ப் ஒன்று எடு, வாரண்டியோடு. இரண்டையும் 4 யு பெட்டியில் போட்டு நடுவில் 1 யு காற்றுக்கு விடு. கம்ப்ரஸரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மீதிப் பணம் முழுவதும் ஸ்பீக்கர் பெட்டிக்கு. 41 ஹெர்ட்ஸ் காற்றைத் தள்ளுவது கடைசியில் அந்த அட்டைக் கூம்புதான், விளக்கு எரியும் முகப்பு இல்லை.

நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: லிஃப்டில் போகுமா? 4 யு பெட்டி போகும். ஸ்பீக்கர் பெட்டிதான் தெரியவில்லை. கோத்ருட் பக்கம் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாம் ரூம் ஒன்றில் 10 அங்குல ஸ்பீக்கர் நாலு வைத்த பெட்டியும் 15 அங்குலம் ஒன்று வைத்ததும் இருக்கிறதாம். வரும் சனிக்கிழமை பையன் இரண்டிலும் வாசித்துப் பார்க்கப் போகிறான். அப்பா இஞ்சு டேப்போடு போகிறார்.