பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள்: அப்பமும் கூரையும்

ஆதியாகமம் 21-ஆம் அதிகாரத்தில் ஆகார் வெளியேற்றப்படும் பகுதியை நாம் பெரும்பாலும் வாக்குத்தத்தத்தின் வரலாறாகவே போதித்து வருகிறோம். அதையே ஒரு குடும்ப வழக்காக வாசிப்போமாயின் வேறொரு செய்தி நம் கண்ணில் படும். மந்தைகளும் கூடாரங்களும் மிகுந்த ஒரு தகப்பன், தன் மகனுக்கும் அவன் தாய்க்கும் கொடுத்தனுப்பியது அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீருமே. அவர்கள் எங்கே தங்குவார்கள் என்ற கேள்வி அங்கே எழவேயில்லை. தண்ணீர் தீர்ந்தபின் பிள்ளை ஒரு செடியின் கீழ் விடப்படுகிறான்.

பெற்றோர் பிரியும்போது பிள்ளைக்கு உணவும் வேண்டும், உறைவிடமும் வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் ஆபிரகாமைப் போலவே முதலில் அப்பத்தை மட்டும் அளந்து கொடுத்தது. கூரையைப் பற்றிச் சிந்திக்க அதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. இவ்வரலாற்றைத் திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் நின்று நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கோட்டையும் விடுதியும்

சுவார்ட்ஸ் ஐயர் 1762-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். 1766-இல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. ஆலயம் எழும் முன்னரே, படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக அவர் பள்ளி நடத்தத் தொடங்கியிருந்தார். இன்றைய புனித யோவான் வெஸ்ட்ரி பள்ளி தன் தொடக்கத்தை 1763 என்றே கணக்கிடுகிறது. இந்நகரில் சீர்திருத்தச் சபையின் தொண்டு பிள்ளைகளின் உணவையும் கூரையையும் முன்னிட்டே தொடங்கியது என்பது நாம் நன்றியோடு நினைக்கத்தக்கது.

ஆயினும் அந்த மரபில் ஒரு குறையும் உண்டு. திக்கற்ற பிள்ளைக்கு இரங்கப் பழகிய சபை, தகப்பன் உயிரோடிருந்தும் கைவிடப்பட்ட பிள்ளையையும் திக்கற்றவனாகவே கண்டது. தாய் மகனை அழைத்துக்கொண்டு ஆயர் இல்லத்தின் வாசலுக்கு வந்தால், விடுதியில் இடம் கொடுத்தோம். அது இரக்கமே. ஆனால் தகப்பன் செலுத்தவேண்டிய கடனை நம் இரக்கம் மூடி மறைத்துவிட்டது. திக்கற்ற பிள்ளைக்குத் தேவை இரக்கம். தகப்பன் உள்ள பிள்ளைக்குரியதோ நியாயம். இவ்விரண்டையும் நாம் வேறு பிரித்து அறியவில்லை.

2. 1861-உம் 1869-உம்

கைவிடப்பட்ட பிள்ளைக்கு நியாயம் முதலில் வந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வழியாகவே. 1861-ஆம் ஆண்டுச் சட்டம், வசதியிருந்தும் மனைவியையும் பிள்ளையையும் பராமரிக்க மறுக்கும் ஒருவனை மாதந்தோறும் பணம் கட்டச் சொல்ல நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் அளித்தது. உச்சவரம்பு 50 ரூபாய். இது 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 488-ஆம் பிரிவாக நிலைபெற்றது. இப்பிரிவு மதத்தைக் கேட்கவில்லை. பிள்ளை முறையான மணத்தில் பிறந்ததா என்றும் கேட்கவில்லை. தன்னைத்தானே காத்துக்கொள்ள இயலாத பிள்ளையா என்ற ஒன்றையே கேட்டது.

கிறிஸ்தவர்களுக்கென்று வந்த 1869-ஆம் ஆண்டு இந்திய மணமுறிவுச் சட்டம் இவ்வளவு பரந்த மனத்தோடு எழுதப்படவில்லை. கணவன் மனைவியின் விபசாரம் ஒன்றையே காட்டி மணமுறிவு பெறலாம். மனைவியோ கணவனுடைய விபசாரத்தோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். வழக்கு நடக்கும் காலத்தில் அவளுக்குக் கிடைக்கும் தொகை கணவனின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பிள்ளைகளின் பொறுப்பு, பராமரிப்பு, கல்வி ஆகியவற்றுக்கு 41 முதல் 44 வரையுள்ள பிரிவுகள் வழிசெய்தன. ஆனால் பிள்ளை யார் என்பதற்கு அச்சட்டம் தந்த வரையறை நம்மை வெட்கப்படச் செய்வது. இந்நாட்டுத் தகப்பன்மாரின் பிள்ளைகளாயின் மகனுக்கு 16 வயது, மகளுக்கு 13 வயது நிரம்பும் வரையே அவர்கள் சிறுவர். மற்றவர்களின் மணமாகாத பிள்ளைகளுக்கோ 18 வயது. ஒரே ஆலயத்தில் ஒரே திருவிருந்தில் பங்குகொண்ட ஐரோப்பியன் மகளையும் தமிழன் மகளையும் சட்டம் இருவேறு கோல்களால் அளந்தது.

மற்றொரு தடையும் இருந்தது. மாவட்ட நீதிபதி அளிக்கும் மணமுறிவுத் தீர்ப்பை உயர்நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் கூடிய ஆயம் உறுதி செய்தாலன்றி அது நிறைவுபெறாது. திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் வென்ற ஏழைப் பெண் சென்னையிலிருந்து வரும் உறுதிமொழிக்காகக் காத்திருந்தாள். இம்முறை 2001 வரை நீடித்தது.

3. காவிரியின் மறுகரை

காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். கோயிலின் ஏழு திருச்சுற்றுகளுள் வெளிச்சுற்றுகளில் குடியிருப்பு வீதிகள் அமைந்துள்ளன. தலைமுறை தலைமுறையாகக் கூட்டுக்குடும்பங்கள் ஒரே வீட்டில் வாழ்ந்த இத்தகைய ஊர்களில், வீடு ஒருவனின் உடைமையன்று, குடும்பத்தின் சொத்து. ஆகையால் இந்து சட்டத்தில் ஜீவனாம்சம் பற்றிய பேச்சு எப்போதும் வீட்டைச் சுற்றியே எழுந்தது. குடும்பச் சொத்தின் வருவாயிலிருந்து ஜீவனாம்சம் பெற உரிமையுள்ளவர் இருப்பதை அறிந்தே ஒருவர் அச்சொத்தை வாங்கினால், அவருக்கு எதிராகவும் அவ்வுரிமை செல்லும் என்று 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு கூறியது.

1946-இல் இந்து மனைவியருக்குத் தனியே வாழ்ந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை சட்டமாயிற்று. 1949-இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து மணமுறிவையும் அனுமதித்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மணமாகாத மகள் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதிருக்கும் வரை பெற்றோரின் கடமை நீடிக்கும் என்றது. அதே ஆண்டில் ஆற்றின் இக்கரையில் கிறிஸ்தவ மகளுக்கு அவளுடைய சமயத்தாரின் சட்டம் 13 வயதோடு கதவை மூடியிருந்தது. நாம் இருள் என்று கருதிய இடத்தில் சட்டம் முன்னே நடந்தது; ஒளியில் இருப்பதாக எண்ணிய நாம் பின்தங்கினோம். இதைச் சொல்வது யாரையும் இழிவுபடுத்த அன்று, நாம் தாழ்மை கற்க.

4. பொன்மலையில் ஒரு பாடம்

1920-களின் இறுதியில் தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. பின்னர் பாரத மிகுமின் நிறுவனமும் மற்றத் தொழிற்சாலைகளும் வந்தன. நம் சபையார் பலர் குவார்ட்டர்ஸ்களில் குடியேறினர். கூட்டுக்குடும்ப வீட்டைப் போலன்று இவ்வீடு. ஊழியரின் வேலையோடு வந்து வேலையோடு போவது. கணவன் மாற்றலாகிப் போனால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அங்கே இடமில்லை.

1990-களின் நடுவில், நான் இளம் ஆயராயிருந்த நாள்களில், அத்தகைய ஒரு தாய் என்னிடம் வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்குமாக மாதம் 300 ரூபாய் கட்டும்படி உத்தரவு அவள் கையில் இருந்தது. கணவன் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டு வேறு ஊருக்கு மாற்றல் பெற்றுப் போய்விட்டான். குவார்ட்டர்ஸும் போயிற்று. அவள் கொள்ளிடக் கரையில் தன் அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் தங்கினாள். நான் அவளை நீதிமன்றம் போகவேண்டாம் என்றேன்; ஜெபித்துக் காத்திருக்கச் சொன்னேன்; அவள் கணவனுக்குக் கடிதங்கள் எழுதினேன். இப்படி 20 மாதங்கள் சென்றன.

கடைசியில் வழக்கறிஞர் ஒருவர் எங்களுக்குச் சட்டத்தை விளக்கினார். நிலுவைத் தொகை கெடுவான நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச்செய்தால்தான் அதை வசூலிக்க நடுவர் பிடி ஆணை பிறப்பிக்க முடியும். எட்டு மாதத் தொகையாகிய 2,400 ரூபாய் அவ்வழியில் அவளுக்கு இல்லாமற்போயிற்று. அவ்வாண்டு மூத்த பிள்ளையின் படிப்பும் நின்றது. நான் ஒப்புரவாக்குதல் என்று எண்ணியது, அப்பிள்ளைக்கு இழப்பாக முடிந்தது. ஒப்புரவை இன்றும் நான் போதிக்கிறேன். ஆனால் அதைப் பிள்ளையின் செலவில் போதிப்பதில்லை.

5. 2001-க்குப் பின்

உச்சவரம்பு 1923-இல் 100 ரூபாயாகவும், 1955-இல் 500 ரூபாயாகவும் உயர்ந்தது. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 125-ஆம் பிரிவும் அந்த 500 ரூபாயையே வைத்துக்கொண்டது. அது குடும்பம் முழுமைக்குமன்று, ஒவ்வொருவருக்கும் உரியது என்று 1978-இல் உச்சநீதிமன்றம் விளக்கியது. 2001-இல் உச்சவரம்பே நீக்கப்பட்டது. இடைக்காலப் பராமரிப்பு மனுவை இயன்றவரை 60 நாள்களில் முடிக்கவேண்டும் என்ற விதியும் வந்தது. அதே ஆண்டில் கிறிஸ்தவ மணமுறிவுச் சட்டத்தில் கணவன் மனைவி வேறுபாடும், ஐந்தில் ஒரு பங்கு வரம்பும், உயர்நீதிமன்ற உறுதிப்பாடும் அகற்றப்பட்டன. 2024 ஜூலை 1 முதல் 125-ஆம் பிரிவின் இடத்தைப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு பெற்றுள்ளது.

கூரை 2005-இல் வந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், வீடு யார் பெயரில் இருப்பினும், பகிர்ந்து வாழ்ந்த இல்லத்தில் தங்கும் உரிமையை அறிவித்தது. தேவைப்படின் அதே தரத்தில் வேறு வீடோ வாடகையோ கொடுக்கவும் நடுவர் உத்தரவிடலாம். மாமனார் பெயரில் உள்ள வீட்டுக்கு இவ்வுரிமை செல்லாது என்ற எண்ணத்தை 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் மாற்றியது. அடுத்த மாதமே வேறொரு தீர்ப்பில், இரு தரப்பாரும் தம் வருவாயையும் சொத்தையும் சத்தியப் பிரமாணமாக வெளிப்படுத்தவேண்டும் என்றும், பராமரிப்பு மனுச்செய்த நாள் முதலே கணக்கிடப்படவேண்டும் என்றும் வகுத்தது.

சம்பளக்காரத் தகப்பனைப் பற்றியும் ஒரு விதியை நம் மாணவர் அறிந்திருப்பது நல்லது. சாதாரணக் கடனுக்காகச் சம்பளத்தைப் பற்றும்போது அதன் பெரும்பகுதியைச் சட்டம் காக்கிறது. பராமரிப்புத் தீர்ப்பாயின் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே காக்கிறது. பிள்ளையின் கடன் மற்றக் கடன்களைவிட மூத்தது என்பதே இதன் பொருள்.

6. நமக்குரிய கடமை

யாத்திராகமம் 21:10 உணவு, உடை, தாம்பத்திய உரிமை ஆகியவற்றைக் குறைக்கலாகாது என்று கட்டளையிடுகிறது. அது அடிமைப் பெண்ணுக்குரிய சட்டம். 1 தீமோத்தேயு 5:8 தன் வீட்டாரைப் பராமரியாதவனை விசுவாசத்தை மறுதலித்தவனாகவே எண்ணுகிறது. பராமரிப்பு நீதிமன்றத்தின் சங்கதி மட்டுமே என்று சொல்ல நமக்கு இடமில்லை.

ஆகவே பிரிந்த தாயோ தகப்பனோ நம் வாசலுக்கு வரும்போது, திரும்பி வாழ வழியுண்டா என்று கேட்கும் முன், இன்றிரவு பிள்ளை எங்கே உறங்கும் என்று கேட்போமாக. உத்தரவு இருந்தால் அதன் தேதியையும் நிலுவையையும் பார்ப்போமாக. விடுதியில் இடம் கொடுப்போம். அதோடு தகப்பனுக்கு அவன் கடனையும் நினைவூட்டுவோம். சபையின் ஆட்சிக்குழுவில் அமர்ந்திருக்கும் தகப்பன் ஒருவன் தன் பிள்ளைக்குரியதைக் கொடாதிருந்தால், அதைக் கேட்கும் துணிவையும் ஆண்டவர் நமக்கு அருள்வாராக.

வனாந்தரத்தில் தேவன் முதலில் கேட்டது பிள்ளையின் குரலை. அதன் பின்னரே ஆகாரின் கண்கள் திறக்கப்பட்டன. அவள் துரவைக் கண்டாள். நம் கண்களும் அவ்வாறே திறக்கப்படவேண்டும்.