கம்பம் பள்ளத்தாக்கின் நெல் வயலும் ஒரு பெருக்கல் கணக்கும்

பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் நீர் 1895 அக்டோபரில் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. அதற்கு அடுத்த ஆண்டு, ஸ்வீடனில் ஸ்வாந்தே அர்ரேனியஸ் என்ற விஞ்ஞானி ஒரு கணக்கை வெளியிட்டார். காற்றில் உள்ள கரியமில வாயு இரண்டு மடங்கானால் பூமியின் வெப்பம் 5 முதல் 6 டிகிரி வரை கூடும் என்றது அது. கணினி கிடையாது, காகிதமும் பேனாவும்தான்! இன்றைய மதிப்பீடு சுமார் 3 டிகிரி.

அன்று இந்த இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பு வர இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது.

பெரியாற்று நீரால் லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. நீர் தேங்கிய வயலின் சேற்றுக்குள் ஆக்சிஜன் இருக்காது. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் மக்கும் பொருட்களிலிருந்து மீத்தேனை உண்டாக்குகின்றன. அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டு வழியாகவே காற்றில் கலக்கிறது.

1990-ல் ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. குழு ஓர் எளிய வழியைச் சொன்னது. நூறு ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன், 21 டன் கரியமில வாயுவுக்குச் சமம் என்பதே அது. பெருக்கினால் போதும். 2013-ல் இந்த எண் 28 ஆனது.

பெருக்கல் சுலபம். பெருக்கப்படும் எண் எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கல்!

இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்போது மதிப்பிட்டது. ஐரோப்பிய, அமெரிக்க வயல்களில் அளந்ததை இந்தியப் பரப்பால் பெருக்கி வந்த எண் அது. இதற்கிடையே வாஷிங்டனின் உலக வள நிறுவனம் இந்தியாவை வாயு வெளியிடும் நாடுகளின் முன்வரிசையில் வைத்தது. 1991-ல் டெல்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதற்கு எதிராக எழுதினார்கள். வயிற்றுப்பாட்டுக்கு நெல் விதைப்பவனையும் வசதிக்குக் கார் ஓட்டுபவனையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பதே அவர்கள் கேள்வியின் சாரம்.

கேள்வி மட்டும் போதாதே! அதே 1991-ல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் பல மாநில வயல்களில் மூடிய பெட்டிகளை வைத்து மீத்தேனை நேரடியாக அளந்தார்கள். கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். முந்தைய எண்ணில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு! நம் வயல்களில் பல மானாவாரி, இடையிடையே காய்பவை. நீர் எப்போதும் தேங்கி நிற்கும் என்ற ஊகம்தான் தவறு.

இதே கணக்கைக் கம்பத்துக்குப் போட்டுப் பார்ப்போம். 14,707 ஏக்கர் என்பது சுமார் 5,950 ஹெக்டேர். போகம் ஒன்றுக்கு 110 நாள் நீர் நிற்பதாகக் கொள்வோம். ஐ.பி.சி.சி. 2006-ல் தந்த உலகப் பொது அளவு ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 1.30 கிலோ. இரு போகத்துக்கும் சேர்த்து சுமார் 1,700 டன் மீத்தேன் வருகிறது. 2019-ல் தெற்காசியாவுக்கெனத் தந்த 0.85 கிலோவை எடுத்தால் சுமார் 1,100 டன்தான். வயல் அதே வயல், எண்தான் வேறு.

இன்னொரு விஷயமும் உண்டு. மீத்தேன் காற்றில் தங்குவது சராசரியாகச் சுமார் 12 ஆண்டுகள். கரியமில வாயுவோ நூற்றாண்டுகளுக்குச் சேர்ந்துகொண்டே போகும். ஒரே அளவில் நெடுங்காலம் விளையும் வயலில், புதிதாக வரும் மீத்தேனுக்கு ஈடாகப் பழையது சிதைந்துவிடுகிறது. அதனால் அது வெப்பத்தை ஒரு நிலையில் தாங்கிப் பிடிக்கிறதே தவிர, ஆண்டுக்காண்டு பெரிதாக ஏற்றுவதில்லை. 28-ஆல் பெருக்கும் கணக்கு இந்த வித்தியாசத்தைக் காட்டாது. 2018-ல் ஆக்ஸ்போர்டின் மைல்ஸ் ஆலனும் சக ஆய்வாளர்களும் இதைக் காட்டும் திருத்திய முறையைத் தந்தார்கள்.

அதற்காக வயலுக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகிவிடாது. மீத்தேனைக் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும். வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்தால் மீத்தேன் கிட்டத்தட்டப் பாதியாகும், தண்ணீரும் மிச்சம். ஆனால் அதற்கு முறை தவறாமல் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை விவசாயிக்கு வேண்டும். மறுபடி தண்ணீர் வருமா என்று தெரியாதவர் வயலைக் காயவிடத் துணிவாரா?

எளிய கணக்குகள் தேவைதான். அர்ரேனியஸ் தொடங்கிவைத்ததும் அப்படி ஒரு கணக்கைத்தான். ஆனால் அதில் போடும் எண்ணை யாராவது ஒருவர் சேற்றில் இறங்கி அளந்திருக்க வேண்டும்.