குரலுக்குப் பட்டா

ஓட்டிஸ் ரெட்டிங்கின் தந்தை அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டவர். 1962இல் மகன் மெம்ஃபிஸ் நகரின் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தது வேறொரு இசைக்குழுவின் காரை ஓட்டிக்கொண்டு. அன்று மிச்சமிருந்த நேரத்தில் பாடிய பாட்டே அவரது முதல் வெற்றி. நிறப்பாகுபாடு நிலவிய அந்த ஊரில், பழைய திரையரங்கொன்றில் இயங்கிய அக்கூடத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசித்தார்கள். 1965இல் அவர் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்', 1967இல் அரீதா ஃபிராங்க்ளின் குரலில் கறுப்பினத்தவரின், பெண்களின் உரிமைப் பாட்டாயிற்று. பாடிச் சம்பாதித்த பணத்தில் ஜார்ஜியாவிலேயே சுமார் 300 ஏக்கர் வாங்கினார்.

1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 26. அடுத்த ஆண்டுதான் ஸ்டாக்ஸுக்குத் தெரிந்தது: விநியோக ஒப்பந்தத்தின்படி, அட்லாண்டிக் நிறுவனம் விநியோகித்த மூலப்பதிவுகள் எல்லாம் அந்த நிறுவனத்துக்கே சொந்தம். ரெட்டிங்கின் பதிவுகளும் அவற்றோடு போயின. வாரக்குடியின் மகன் நிலத்துக்கு உடைமையாளர் ஆனார். அவர் குரல் பதிந்த நாடாக்களோ வேறொருவர் பெயரில்.

ஒடுக்கப்பட்டோரின் இசை வரலாற்றை எழுதப்போகும் மாணவர்கள் பாட்டைக் கேட்பதோடு நின்றுவிட வேண்டாம், ஒப்பந்தத்தையும் வாசியுங்கள். நிலத்துக்குப் பட்டா கேட்கும் நாம் குரலுக்கும் கேட்க வேண்டும்.